எங்கள் போரில் எத்தனை அடியில் தண்ணீர்? எக்செல் சொன்ன கணக்கு

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பாட்டு கேட்டாச்சு, படம் பார்த்தாச்சு, பையனோட ஸ்கூல் ப்ராஜெக்டுக்குப் பிரின்ட்டும் எடுத்தாச்சு. எக்செல், எக்செல்னு சொல்றாங்களே, அது நமக்கு எதுக்கு?" வீட்டுக் கணக்கு எழுதலாம், பால் கணக்கு எழுதலாம் என்று நானும் பல பேருக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். உண்மையைச் சொன்னால், நான் ஒரு நாள்கூட எங்கள் வீட்டுக் கணக்கை எக்செல்லில் எழுதியது கிடையாது. ஆனால் ஒரே ஒரு ஒர்க்‌ஷீட்டை மூன்று வருடமாக விடாமல் எழுதி வருகிறேன். அது எங்கள் நிலத்துப் போர்வெல்லின் நீர்மட்டம்.

எங்கள் ஊர் பண்ருட்டிக்கும் நெய்வேலிக்கும் நடுவில் இருக்கிறது. செம்மண் பூமி. கொல்லையில் பலாவும் முந்திரியும், போர்த் தண்ணீர் பாயும் இடத்தில் கரும்பும் மணிலாவும். நான் சென்னையில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறேன். 2022 மே மாதம் ஒரு நாள் அப்பா போன் செய்தார். "மோட்டார் ஒரு மணி நேரத்துக்கு மேல ஓட மாட்டேங்குது தம்பி. அப்புறம் காத்து வாங்குது" என்றார். போர் போடும் ஏஜென்டைக் கூட்டி வந்து காட்டியிருக்கிறார். "தண்ணி கீழ எறங்கிடுச்சுண்ணே. இனிமே 500 அடி போட்டாத்தான் வேலைக்காகும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் அவர். புது போர், கேசிங் பைப், ஃபில்டர் பைப், மோட்டார் எல்லாம் சேர்த்து ஆறு லட்சம். அம்மாவின் நகையை அடகு வைப்பது, மீதிக்குப் பலா மரங்களை மூன்று வருடக் குத்தகைக்கு விடுவது என்று வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள்.

"இப்ப தண்ணி எத்தனை அடியில நிக்குதுப்பா?" என்று கேட்டேன். அப்பாவுக்குத் தெரியவில்லை. ஏஜென்டுக்கும் தெரியவில்லை. ஆறு லட்சம் செலவுக்குக் காரணமான அந்த ஒரு எண்ணை யாரும் அளக்கவே இல்லை. ஆபீஸில் ஒரு புரோகிராம் மெதுவாக ஓடுகிறது என்றால், எங்கே மெதுவாகிறது என்று அளந்து பார்க்காமல் புது சர்வர் வாங்க விடமாட்டார்கள். அதே வழக்கத்தில் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போனேன்.

மணற்கல்லுக்குள் தண்ணீர்

கதையைத் தொடரும் முன் எங்கள் பூமியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோயம்புத்தூர், சேலம் பக்கம் பூமிக்குக் கீழே கடினப் பாறை. அங்கே பாறையின் வெடிப்பில்தான் தண்ணீர் ஓடும். வெடிப்பு அகப்பட்டால் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் வெறும் தூசிதான். எங்கள் பக்கம் கீழே இருப்பது கடலூர் மணற்கல். பல லட்சம் வருடங்களுக்கு முன் ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணல் அழுந்தி இறுகிய கல் அது. மணல் துகள்களுக்கு நடுவே உள்ள இடைவெளியெல்லாம் தண்ணீர். பஞ்சு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இடையிடையே களிமண் அடுக்குகள் இருக்கின்றன. அந்த அடுக்குக்குக் கீழே உள்ள மணற்கல்லில் தண்ணீர் அழுத்தத்தோடு அடைபட்டுக் கிடக்கும். அதைத் துளைத்தால் தண்ணீர் குழாய்க்குள் தானாகவே பல அடி மேலே ஏறி வந்து நிற்கும்.

இந்த அழுத்தம் எவ்வளவு என்பதற்கு நெய்வேலியே சாட்சி. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு துளைத்தபோது தண்ணீரோடு கரிய துகள்கள் வந்தன. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956-ல் நிறுவனம் தொடங்கி, 1957-ல் சுரங்கம் தோண்ட ஆரம்பித்தார்கள். 1961-ல்தான் நிலக்கரி கண்ணில் பட்டது. நிலக்கரிப் படுகைக்கு அடியில் உள்ள மணற்கல் நீர் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை மேல்நோக்கி அழுத்துகிறது. பத்து மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம் ஒரு கிலோ. அப்படியானால் 60 முதல் 80 மீட்டர் உயரத் தண்ணீர்த் தொட்டியின் அழுத்தம் சுரங்கத்தின் தரையைக் கீழிருந்து தூக்குகிறது என்று பொருள். தண்ணீரை இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் தரை பிளந்துவிடும். அதனால் அங்கே இரவு பகலாக மோட்டார்கள் ஓடுகின்றன. நீர்மட்டத்தை அளப்பதும் சுரங்க வேலையிலேயே ஒன்று.

அடைபட்ட நீரில் இன்னொரு விஷயம் உண்டு. திறந்த கிணற்றில் மட்டம் ஓரடி இறங்கினால், மணலில் இருந்த தண்ணீரே வடிந்து போயிருக்கிறது என்று அர்த்தம். அடைபட்ட படுகையில் மட்டம் பல அடி இறங்கினாலும் மணலில் தண்ணீர் நிறைந்தேதான் இருக்கும், குறைந்தது அழுத்தம்தான். கொஞ்சம் இறைத்தாலும் மட்டம் சட்டென்று இறங்கும், வெகு தூரம் வரை இறங்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒயரும் மல்டிமீட்டரும்

அளக்கும் கருவி கடையில் கிடைக்கும், விலை அதிகம். நாங்கள் செய்தது இதுதான். ஸ்பீக்கருக்குப் போடும் இரட்டை ஒயர் 250 அடி. ஒரு முனையில் இரண்டு கம்பியையும் அரை அங்குலம் சீவி, ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் ஒரு ஸ்டீல் போல்ட்டோடு சேர்த்துக் கட்டினோம். போல்ட் எடைக்காக. பத்தடிக்கு ஒரு கலர் டேப். மறுமுனை மல்டிமீட்டரில். கம்பி முனை தண்ணீரைத் தொட்டதும் மீட்டர் முள் நகரும். (மல்டிமீட்டரில் "பீப்" சத்தம் வரும் நிலையில் வைத்துக் காத்திருக்காதீர்கள். கிணற்றுத் தண்ணீருக்கு அது கத்தாது. நான் அரை மணி நேரம் காத்திருந்தேன். ரெசிஸ்டன்ஸ் அளக்கும் பெரிய ரேஞ்சில் வைக்க வேண்டும்.) குழாய்ச் சுவரில் வழியும் சொட்டுத் தண்ணீர் பட்டாலும் முள் ஆடும். ஆகவே இரண்டு மூன்று முறை ஏற்றி இறக்கிப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

ஒயரை அப்படியே போருக்குள் விட்டால் மோட்டார் கேபிளில் சுற்றிக்கொள்ளும். மோட்டாரைச் சோதிக்க எப்படியும் மேலே தூக்கினார்கள். திரும்ப இறக்கும்போது பக்கத்திலேயே முக்கால் அங்குல பிவிசி குழாய் ஒன்றையும் சேர்த்துக் கட்டி இறக்கச் சொன்னேன். மெக்கானிக் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அந்தக் குழாய்க்குள் இப்போது ஒயர் வழுக்கிக்கொண்டு போகிறது. வீட்டில் இதைச் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை: மெயின் சுவிட்சை அணைக்காமல் போர் மேல் கை வைக்காதீர்கள். அளந்து முடித்ததும் போர் வாயை மூடாமல் போகாதீர்கள், பிள்ளைகள் நடமாடும் இடம்.

மோட்டார் போடும் முன் விடியற்காலையில் ஒரு அளவு. ஒரு மணி நேரம் ஓடிய பின் இன்னொரு அளவு. இரண்டையும் அப்பா டைரியில் எழுதுவார், இரவு போனில் சொல்வார், நான் லேப்டாப்பில் ஏற்றுவேன். ஏற்பாடு இதுதான்.

எக்செல் என்னை ஏமாற்றிய விதம்

முதல் இரண்டு வார அளவுகளை ஏற்றி கிராஃப் போட்டேன். தண்ணீர் ஒரு நாள் ஏறுகிறது, மறுநாள் இறங்குகிறது, மே மாதத்திலும் அளவு இருக்கிறது, டிசம்பரிலும் இருக்கிறது! நாங்கள் அளக்க ஆரம்பித்ததே ஜூனில். சாஃப்ட்வேர் இன்ஜினியர் என்று சொல்லிக்கொள்ளவே வெட்கமாகப் போய்விட்டது. இந்தப் பிழைகளைப் புதியவர்கள் எல்லோரும் செய்வார்கள் என்பதால் விவரமாகவே சொல்கிறேன்.

முதல் பிழை, அடியும் அங்குலமும். 141 அடி 9 அங்குலம் என்பதை 141.9 என்று டைப் செய்தேன். மறுநாள் ஒரு அங்குலம் இறங்கி 141 அடி 10 அங்குலம். 141.10 என்று டைப் செய்தேன். எக்செல்லுக்கு 141.10 என்றால் 141.1 தான். ஒரு அங்குலம் இறங்கிய தண்ணீர், கிராஃபில் முக்கால் அடிக்கு மேல் ஏறி நின்றது. பன்னிரண்டு அங்குலம் சேர்ந்தால்தான் ஓரடி என்பது எக்செல்லுக்குத் தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும். ஏ காலத்தில் தேதி, பி காலத்தில் அடி, சி காலத்தில் அங்குலம். டி2 செல்லில் சமக்குறி போட்டு பி2+சி2/12 என்று ஃபார்முலா கொடுத்து என்டர் தட்டுங்கள். 141 அடி 6 அங்குலம் என்பது 141.5 என்று சரியாக வரும். அந்த செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தை மவுஸால் பிடித்துக் கீழே இழுத்தால் எல்லா வரிக்கும் ஃபார்முலா போய்விடும்.

இரண்டாவது பிழை, தேதி. என் லேப்டாப் அமெரிக்க முறையில் செட் ஆகியிருந்தது. அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுவார்கள். நான் 05/06/2022 என்று ஜூன் 5-ஐ டைப் செய்ய, அது மே 6 என்று எடுத்துக்கொண்டது. ஜூன் 12-ஐ டிசம்பர் 6 ஆக்கிவிட்டது. 13/06/2022 என்று அடித்தால் 13-வது மாதம் கிடையாது அல்லவா? அதைத் தேதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொண்டது. கண்டுபிடிக்க ஒரு சுலப வழி உண்டு. எக்செல் தேதி என்று புரிந்துகொண்டது செல்லின் வலது பக்கம் ஒட்டி நிற்கும். புரியாதது இடது பக்கம் ஒட்டி நிற்கும். கன்ட்ரோல் பேனலில் "ரீஜன்" என்பதைத் திறந்து இங்கிலீஷ் (இந்தியா) என்று மாற்றி ஓகே கொடுத்தேன். அதற்குப் பிறகு டைப் செய்தவை சரியாக வந்தன. ஏற்கெனவே தப்பாக ஏறியவை அப்படியேதான் இருந்தன. அவற்றைத் திரும்ப டைப் செய்ய வேண்டியிருந்தது.

மூன்றாவதைப் பிழை என்று சொல்ல முடியாது. தேதி காலத்தையும் டி காலத்தையும் செலக்ட் செய்து, இன்செர்ட் மெனுவில் "ஸ்கேட்டர்" கிராஃபைத் தேர்ந்தெடுத்தேன். பிரின்ட் எடுத்து அப்பாவிடம் காட்டினேன். "பரவாயில்லையே, தண்ணி ஏறுதே!" என்று சந்தோஷப்பட்டார். ஆழம் அதிகமாக அதிகமாகக் கோடு மேலே போகிறது. உண்மையில் தண்ணீர் கீழே போகிறது. இடது பக்க அச்சில் உள்ள எண்களின் மேல் ரைட் கிளிக் செய்து "ஃபார்மட் ஆக்சிஸ்" தேர்ந்தெடுத்து, "வேல்யூஸ் இன் ரிவர்ஸ் ஆர்டர்" என்ற கட்டத்தில் டிக் செய்யுங்கள். கிராஃப் தலைகீழாகி, தண்ணீர் இறங்கினால் கோடும் இறங்கும். எக்செல் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம், இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கேல்க்கிலும் இவை எல்லாம் உண்டு.

62 அடி எங்கே போனது?

கணக்குக்கு வருவோம். 2022 ஜூனில் விடியற்காலை நீர்மட்டம் 141 அடி 6 அங்குலம். ஒரு மணி நேரம் மோட்டார் ஓடிய பின் 193 அடி. மோட்டார் தொங்குவது 200 அடியில். காற்று வாங்கியதற்குக் காரணம் புரிந்தது.

ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய அளவு வேண்டுமே? அப்பா எந்தக் காகிதத்தையும் தூக்கிப் போடாதவர். நான் பிளஸ் டூ படித்த 2014-ல் இந்தப் போரைப் போட்ட ரிக்காரர் கொடுத்த பில் பீரோவில் இருந்தது. அதன் பின்பக்கத்தில் பென்சிலால்: ஆழம் 320 அடி, ஃபில்டர் பைப் 240 முதல் 310 வரை, நின்ற தண்ணீர் 118, ஒரு மணி நேரம் ஓட்டிய பின் 131. அந்த மனிதர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

இப்போது கழித்துப் பாருங்கள். ஓடும்போது நிற்கும் மட்டம் 131-லிருந்து 193-க்குப் போயிருக்கிறது. 62 அடி வித்தியாசம். இதில் மோட்டார் ஓடாதபோதே இறங்கியது 118-க்கும் 141.5-க்கும் உள்ள வித்தியாசமான 23.5 அடி. இதுதான் பூமியில் குறைந்தது. மீதி 38.5 அடி? 2014-ல் மோட்டார் ஓடும்போது 13 அடி இறங்கிய தண்ணீர், 2022-ல் 51.5 அடி இறங்குகிறது. அதே மோட்டார்தான். ஆழத்திலிருந்து தூக்குவதால் முன்பைவிடக் குறைவாகத்தான் இறைக்கும். குறைவாக இறைத்தும் நான்கு மடங்கு இறங்குகிறது என்றால், வெளியே மணற்கல்லில் உள்ள தண்ணீர் போருக்குள் வர சிரமப்படுகிறது. வாசலில் ஏதோ அடைத்திருக்கிறது.

அப்பாவிடம் சொன்னேன். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "எட்டு வருஷமா மோட்டார் போட்டவுடனே செவப்பாத்தான் கொஞ்ச நேரம் வருது" என்றார். இரும்புத் துரு. ஃபில்டர் பைப்பின் கீறல்களில் படிந்து, சுற்றிப் போட்ட கூழாங்கல்லிலும் படிந்து இறுகியிருக்க வேண்டும் என்று நினைத்தோம். நினைத்தது தப்பாக இருந்தால் ஃப்ளஷ் செய்யும் இருபதாயிரம் போகும். சரியாக இருந்தால் ஆறு லட்சம் மிச்சம். அப்பா இரண்டு நாள் தூங்கவில்லை என்று அம்மா பிறகு சொன்னாள்.

2022 ஜூலையில் கம்ப்ரசர் வண்டி வந்தது. முதல் இரண்டு மணி நேரம் செங்கல்லைக் கரைத்த மாதிரி சேறு. சாயங்காலம்தான் தெளிந்தது. மறுநாள் மோட்டாரை இறக்கி, அதற்கடுத்த நாள் அளந்தோம். நின்ற தண்ணீர் 142 அடி. ஒரு மணி நேரத்துக்குப் பின் 164. அதாவது 22 அடி இறக்கம். புதுப் போரின் 13 வரவில்லை, ஆனால் நாள் முழுக்க மோட்டார் காற்று வாங்காமல் ஓடியது. நகை பீரோவிலேயே இருந்தது.

பெரிய அளவில் அளப்பவர்கள்

நாங்கள் ஒயரை விட்டு அளப்பதை அரசாங்கமும் அளக்கிறது. மத்திய நிலத்தடி நீர் வாரியம் நாடு முழுவதும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கிணறுகளில், வருடத்துக்கு நான்கு முறை அளவு எடுக்கிறது: ஜனவரி, கோடைக்காலம், ஆகஸ்ட், நவம்பர். அளப்பதற்கென்றே துளைத்த, மோட்டார் போடாத குறுகிய போருக்குப் பீசோமீட்டர் என்று பெயர். தேசிய நீரியல் திட்டத்தில் பல பீசோமீட்டர்களில் தானியங்கிக் கருவி வைத்திருக்கிறார்கள். தண்ணீருக்குள் தொங்கும் சென்சார் தன் தலைக்கு மேல் எவ்வளவு தண்ணீர் என்பதை அழுத்தத்தை வைத்துச் சொல்லும். மேலே உள்ள பெட்டி சிம் கார்டு வழியாக அதை அனுப்பும். செல்போன் எஸ்எம்எஸ் மாதிரிதான்.

இதில் ஒரு சிக்கல். சென்சாரின் மேல் காற்றின் எடையும் சேர்ந்து அழுத்துகிறது. காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் மாறினால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் மாறிய மாதிரி காட்டும். 2011 டிசம்பரில் எங்கள் பலா மரங்களைச் சாய்த்த தானே புயலை நினைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஒரு புயலில் காற்றழுத்தம் 30 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால், கொட்டும் மழையில் கிணறு ஓரடி வற்றியதாகக் கருவி சொல்லும்! அதனால் மேலே காற்றழுத்தத்தைத் தனியாக அளந்து கழிக்கிறார்கள். அடைபட்ட படுகைகள் ரொம்பவே நுட்பமானவை. 2004 டிசம்பர் 26 சுமத்ரா நிலநடுக்கத்தின்போது அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்துக் கிணறு ஒன்றில்கூடத் தண்ணீர் மூன்றடி அளவுக்கு ஏறி இறங்கி ஆடியது பதிவாகியிருக்கிறது.

டேட்டா அதிகமாகிவிடுமே என்று பயப்பட வேண்டாம். மணிக்கு ஒரு அளவு என்றால் வருடத்துக்கு 8,760 வரிகள். எக்செல்லின் ஒரு ஷீட்டில் 10,48,576 வரிகள் உண்டு. 119 வருடத்துக்குத் தாங்கும்.

விண்ணிலிருந்தும் அளந்தார்கள். 2002-ல் ஏவிய கிரேஸ் என்ற இரட்டைச் செயற்கைக்கோள்களுக்கு டாம், ஜெர்ரி என்று செல்லப் பெயர். கீழே நிலத்தின் எடை மாறும்போது இரண்டுக்கும் உள்ள சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளி மயிரிழையிலும் குறைவாக மாறும்; அதை வைத்துக் கணக்கு. 2002 முதல் 2008 வரை பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான் பகுதியில் 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் குறைந்ததை 2009-ல் வெளியிட்டது இந்தக் கணக்குதான். ஆனால் ஒரு கிராமத்துப் போரை அதனால் பார்க்க முடியாது. அதற்கு ஒயர்தான்.

இந்தியா டபிள்யூ.ஆர்.ஐ.எஸ். என்ற அரசு இணையதளத்தில் மாநிலம், மாவட்டம் தேர்ந்தெடுத்து நீர்மட்ட அளவுகளைப் பார்க்கலாம். கூகுளில் தேடினாலே முதலில் வரும். ஒன்று கவனியுங்கள்: அங்கே இருப்பது 30 அடித் திறந்த கிணறாக இருந்தால், அதை உங்கள் 300 அடிப் போரோடு ஒப்பிடாதீர்கள். இரண்டும் வேறு வேறு தண்ணீர்.

இப்போதைய நிலவரம்

ஜூன் மாத அளவுகளை மட்டும் சொல்கிறேன். 2022-ல் 141.5 அடி, 2023-ல் 143.25, 2024-ல் 147, 2025-ல் 148.5. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு ஜனவரியில் இரண்டு மூன்றடி ஏறுகிறது. ஆனால் ஏறியதைவிட அதிகமாக இறங்குகிறது. ஏஜென்ட் சொன்னது முழுப் பொய் இல்லை. வருடத்துக்கு இரண்டேகால் அடிக்கு மேல் போகிறது. யாரால் என்று ஊரில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒரு போரின் அளவை வைத்து அதைச் சொல்ல முடியாது, நான் சொல்லவும் மாட்டேன். மோட்டார் ஓடும்போது இறங்குவது 22-லிருந்து 27 அடி ஆகியிருக்கிறது, ஆகவே மறுபடியும் துரு படிகிறது. 35-ஐத் தாண்டினால் ஃப்ளஷ் செய்வதாக முடிவு. தேவைப்பட்டால் மோட்டாரை 230 அடி வரை இறக்கலாம். அதற்குக் கீழே ஃபில்டர் பைப், அங்கே இறக்கக் கூடாது.

கிராஃப் மோட்டார் கொட்டகையில் ஒட்டியிருக்கிறது. கடந்த வருடம் அப்பா கரும்பில் பாதியை எடுத்துவிட்டு மணிலா போட்டார். என்னிடம் கேட்கவில்லை.

பக்கத்துக் கொல்லைக்காரரை நான் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன். ஒரு நாள் காலை அவர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தபோது அப்பா அளந்திருக்கிறார். எங்கள் தண்ணீர் ஓரடி இரண்டு அங்குலம் கீழே. அவர் போர் 600 அடி தள்ளி இருக்கிறது! அடைபட்ட படுகையில் இறக்கம் வெகு தூரம் போகும் என்று சொன்னேன் அல்லவா, அதுதான் இது. இப்போது இருவரும் பேசி வைத்துக்கொண்டு, ஐந்தரை மணிக்கு அளந்து முடிக்கும் வரை மோட்டார் போடுவதில்லை. பெரியப்பாவும் ஒயர் வாங்கிவிட்டார். கூகுள் ஷீட்ஸில் ஒரு ஷீட்டைப் பகிர்ந்து கொடுத்திருக்கிறேன், அவர் பேரன் செல்போனிலேயே ஏற்றுகிறான். போன ஞாயிற்றுக்கிழமை திறந்து பார்த்தேன். அவன் போட்ட தேதிகளில் மூன்று இடது பக்கம் ஒட்டி நின்றன. உடனே போன் செய்தேன்.